சர்ஜரியின் தலைமையைச் சோதிப்பது வீண் வேலையா?

இங்கிலாந்தில் இயங்கும் ஒவ்வொரு ஜி.பி. சர்ஜரியும், அதாவது குடும்ப மருத்துவர் நடத்தும் ஒவ்வொரு மருத்துவ மையமும், கேர் குவாலிட்டி கமிஷன் என்னும் தர ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இந்த ஆணையம் 2009 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் ஜி.பி. சர்ஜரிகளும் அதன் கண்காணிப்புக்குள் வந்தன. 2014 அக்டோபரிலிருந்து ஆய்வாளர்கள் நேரில் வந்து தரம் வழங்கும் முறை நடப்புக்கு வந்தது. அவர்கள் விடை தேடும் கேள்விகள் ஐந்து. சிகிச்சை பாதுகாப்பானதா? அதனால் பலன் கிடைக்கிறதா? நோயாளிகளைப் பரிவோடு நடத்துகிறார்களா? அவர்களின் தேவை அறிந்து நடக்கிறார்களா? சர்ஜரியை நடத்தும் தலைமை ஒழுங்காக இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும், பிறகு சர்ஜரி முழுமைக்கும், ‘மிகச் சிறப்பு’, ‘நன்று’, ‘மேம்பாடு தேவை’, ‘போதாது’ என்ற நான்கில் ஒன்று தரமாகக் கிடைக்கும்.

இவற்றில் ஐந்தாவது கேள்விதான் மருத்துவர்களின் வெறுப்பை அதிகம் சம்பாதித்திருக்கிறது. ‘ஒரு மருத்துவரின் தரம் அவர் நோயாளியைப் பார்க்கும் அறைக்குள் இருக்கிறது. ஆய்வாளர் அந்த அறைக்குள் உட்காருவதில்லை. வெளியே இருக்கும் கோப்புகளைப் புரட்டிவிட்டு, கூட்டக் குறிப்பு எங்கே, கொள்கை ஆவணம் எங்கே என்று கேட்டுவிட்டு, தலைமை சரியில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார். நல்ல மருத்துவரைத் தாள் வேலையில் தோற்கடிக்கும் ஏற்பாடு இது’ என்பது பரவலான கருத்து. 2015-இல் ஜி.பி.க்களின் ராயல் கல்லூரியே வழக்கமான ஆய்வுகளை அவசரமாக நிறுத்திவைக்கும்படி கோரியது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டங்களில் ஆணையத்துக்கு எதிரான குரல் ஓய்ந்ததே இல்லை. 2024-இல் சுகாதார அமைச்சரே ஆணையம் தன் வேலைக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கிறது என்று சொன்ன பிறகு, இந்தக் கருத்து நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் உலவத் தொடங்கிவிட்டது.

இந்தக் கருத்து தவறானது. அதன் தவறு அதன் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. குடும்ப மருத்துவத்தில் நோயாளிக்கு நேரும் கேடுகளில் பல, மருத்துவர் அவரைப் பார்க்கும் அறைக்கு வெளியேதான் உருவாகின்றன.

ஒரு நோயாளி மருத்துவர் முன் அமர்ந்திருப்பது வழக்கமாகப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து முடிவு சர்ஜரியின் கணினிக்கு வந்து சேர்கிறது. எழுதிக் கொடுத்தவர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருபவராக இருக்கலாம், விடுப்பில் போயிருக்கலாம், ஒரு நாள் மாற்று மருத்துவராக வந்து போனவராகவும் இருக்கலாம். அந்த முடிவை இப்போது யார் திறந்து பார்ப்பது? பார்த்தவர் ‘நோயாளியோடு பேச வேண்டும்’ என்று குறித்துவைக்கிறார். ரிசப்ஷனிஸ்ட் தொலைபேசியில் அழைக்கிறார், எடுக்கவில்லை. இரண்டாம் முறை அழைப்பது யார் பொறுப்பு? மூன்றாம் முறையும் கிடைக்காவிட்டால் கடிதம் அனுப்புவதா, மருத்துவரிடம் திரும்பச் சொல்வதா? இந்தக் கேள்விகள் எதற்கும் மருத்துவரின் கைராசியிலோ படிப்பிலோ விடை கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து முறை வகுத்து, அது நடக்கிறதா என்று அவ்வப்போது பார்த்திருந்தால் மட்டுமே விடை உண்டு. அந்த யாரோ ஒருவரைத்தான் தலைமை என்கிறது ஆணையம்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்தை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். எலும்பு மஜ்ஜையையும் ஈரலையும் பாதிக்கக்கூடியது என்பதால், அளவு நிலைப்பட்ட பிறகும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தாக வேண்டும். மருந்தைத் தொடங்குவது மருத்துவமனை நிபுணர். தொடர்ந்து எழுதுவது சர்ஜரி. ரத்தப் பரிசோதனையை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று சர்ஜரி நினைக்கிறது. சர்ஜரி பார்த்துக்கொள்ளும் என்று மருத்துவமனை நினைக்கிறது. நோயாளியோ மாதம் தவறாமல் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரையை வாங்கிக்கொள்கிறார். இதில் தனி மனிதர் எவரும் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி இல்லை, அவ்வளவுதான். அது இல்லை என்பது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து நோயாளி மருத்துவமனையில் சேரும் நாளில்தான் தெரியவரும்.

ஆஸ்துமாவின் கதை இதைவிடக் கசப்பானது. ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்த தேசிய ஆய்வறிக்கை ஒன்று 2014-இல் வெளியானது. உடனடி நிவாரணம் தரும் நீலநிற இன்ஹேலரைப் பயன்படுத்தி வந்து இறந்தவர்களில், எத்தனை முறை மருந்து எழுதப்பட்டது என்ற விவரம் கிடைத்தவர்கள் 165 பேர். அவர்களில் 39 சதவீதம் பேருக்கு இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கு மேல் தீர்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். எந்த மருத்துவருக்கும் இது தெரியும். ஆனால் ஒவ்வொரு இன்ஹேலரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையால், திரையில் ஒரு சொடுக்கில் அனுமதிக்கப்பட்டது. பன்னிரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. எண்ணிப் பார்க்க ஆள் வைப்பதும், எண்ணிக்கை கூடினால் நோயாளியை அழைக்க வழி செய்வதும் தலைமையின் வேலை.

இன்னும் சத்தமில்லாமல் நடக்கும் கேடும் உண்டு. ஒருவரின் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 48-ஐத் தாண்டியிருக்கிறது, மறுபரிசோதனையிலும் அப்படியே. மருத்துவர் உணவுக் கட்டுப்பாடு பற்றிப் பேசி அனுப்புகிறார். ஆனால் பதிவேட்டில் ‘நீரிழிவு’ என்ற குறியீட்டைப் போட மறந்துவிடுகிறார்கள். அந்தக் குறியீடு இல்லாததால் நீரிழிவாளர் பட்டியலில் அவர் பெயர் ஏறாது. பட்டியலில் இல்லாதவருக்கு விழித்திரைப் பரிசோதனைக்கான அழைப்பு வராது. பாதப் பரிசோதனைக்கும் வராது. பார்வை மங்கிய பிறகு அவர் திரும்பி வரும்போது, அன்று அவரைப் பார்த்த மருத்துவர் நல்லவரா, திறமையானவரா என்ற கேள்வியால் எந்தப் பயனும் இல்லை.

இப்போது ஆய்வாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், ‘தாள் வேலை’ என்ற குற்றச்சாட்டு எவ்வளவு பழையது என்று புரியும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு ஆய்வின் மையத்துக்கு வந்திருப்பது நோயாளிகளின் மருத்துவப் பதிவேடே. சர்ஜரியின் கணினியில் சில தேடல்களை ஓட்டுகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாங்கிக்கொண்டு உரிய காலத்தில் ரத்தம் பார்க்கப்படாதவர் எத்தனை பேர்? ஓராண்டில் 12 நீல இன்ஹேலருக்கு மேல் வாங்கியவர் எத்தனை பேர்? நீரிழிவு இருப்பதாக ரத்த முடிவு சொல்லியும் குறியீடு இல்லாதவர் யார் யார்? 65 வயதைத் தாண்டியும் 20 மில்லிகிராமுக்கு மேல் சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சாப்பிடுபவர் உண்டா? பட்டியலில் வந்த பெயர்களிலிருந்து சிலரின் பதிவேட்டை, தானும் ஜி.பி.யாக இருக்கும் ஓர் ஆலோசகர் திறந்து படிக்கிறார். அதன் பிறகுதான் தலைமை பற்றிய கேள்விகள் எழுகின்றன. அவை ‘இந்தப் பதினோரு பேர் எப்படி விடுபட்டார்கள்? விடுபட்டது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்ததும் என்ன செய்தீர்கள்?’ என்ற வகையைச் சேர்ந்தவை.

சிட்டலோப்ராம் உதாரணத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முதியவர்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது 2011-இல். அந்த ஆண்டு பல சர்ஜரிகள் தங்கள் நோயாளிகளின் பட்டியலைச் சரிபார்த்திருக்கும். ஆனால் அன்று 58 வயதாக இருந்தவருக்குப் பிறகு 65 ஆகிறது. வேறு ஊரிலிருந்து புதிதாகப் பெயர் மாற்றிக்கொண்டு வருபவர் 40 மில்லிகிராமோடு வருகிறார். எச்சரிக்கை வந்த நாளில் ஒருமுறை செய்த வேலை போதாது. ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை செய்வது மருத்துவரின் கடமையுணர்ச்சி. ஆளும் மருத்துவரும் மாறிய பிறகும் அது தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால், அங்கே தலைமை இருக்கிறது.

2014-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 17-ஆம் விதி ‘நல்ல நிர்வாகம்’ என்று எதைக் கேட்கிறதோ அதன் சாரமும் இதுவே: சேவையின் தரத்தைத் தானே மதிப்பிட வேண்டும், நோயாளிக்கு வரக்கூடிய ஆபத்தை அடையாளம் கண்டு குறைக்க வேண்டும், பதிவேடுகள் முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும், மற்றவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுச் செயல்பட வேண்டும். தலைவருக்குப் பேச்சுத்திறன் வேண்டும் என்றோ, சுவரில் இலட்சிய வாசகம் எழுதி மாட்ட வேண்டும் என்றோ அந்த விதி கேட்கவில்லை.

ஆய்வு அற்பமானது என்பதற்குச் சொல்லப்படும் கதைகளில் பல உண்மையல்ல. அறையின் திரைச்சீலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கியெறிந்தே ஆக வேண்டும், தரைவிரிப்பு இருந்தால் தோல்விதான், எல்லா மின்சாதனத்துக்கும் ஆண்டுதோறும் சான்றிதழ் ஒட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் சர்ஜரிகளில் பேச்சு உண்டு. இந்த வதந்திகளை மறுப்பதற்கென்றே ஆணையம் பல ஆண்டுகளாக ஒரு விளக்கத் தொடரை வெளியிட்டு வருகிறது. ஆய்வுக்குத் தயார்செய்து தருகிறோம் என்று காசு வாங்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு அச்சம்தான் முதலீடு. அச்சம் குறைந்தால் வியாபாரம் குறையும். சர்ஜரிகள் அடுக்கிவைத்திருக்கும் கோப்புகளில் ஒரு பகுதி சட்டம் கேட்டது. மற்றொரு பகுதி அச்சம் கேட்டது. இரண்டாவதற்கான பழியை முதலாவதன் மேல் போடக் கூடாது.

‘எங்கள் நோயாளிகளைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்’ என்பது அடுத்த வாதம். நோயாளியின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ரிசப்ஷனில் எப்படிப் பேசுகிறார்கள், தொலைபேசியில் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், மருத்துவர் காதுகொடுத்துக் கேட்கிறாரா என்பதை நோயாளியைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் தனக்கு வராத விழித்திரை அழைப்பைப் பற்றி நோயாளிக்கு எப்படித் தெரியும்? பார்க்கப்படாமல் போன ரத்த முடிவைப் பற்றி அவர் எப்படிப் புகார் செய்வார்? அன்பு ஒரு சான்று. பாதுகாப்புக்கு அது சான்றாகாது. ஹரால்ட் ஷிப்மன் விஷயத்தில் இங்கிலாந்து இதைக் கொடூரமான முறையில் கற்றது. மான்செஸ்டரை அடுத்த ஹைட் நகரில் தனியாகச் சர்ஜரி நடத்திய அவரை நோயாளிகள் மிகவும் நேசித்தார்கள். 15 பேரைக் கொன்றதற்காக 2000 ஜனவரியில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002-இல் அடையாளம் கண்டது.

எந்த ஆய்வும் ஒரு கொலைகாரரைக் கண்டுபிடித்திருக்காது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஷிப்மனைப் போன்றவர்களைப் பிடிப்பதற்காக எல்லா மருத்துவர்களையும் சந்தேகிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த விசாரணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. போதைமருந்து வகையைச் சேர்ந்த டயமார்ஃபினை அவர் பெருமளவில் வாங்கினார், அதற்கான பதிவேடு வைத்திருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 1998 மார்ச்சில் பக்கத்துச் சர்ஜரியைச் சேர்ந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், மரணங்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதாக மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவித்தார். அப்போது நடந்த போலீஸ் விசாரணை மேலோட்டமாக முடிந்துபோனது. அதன் பிறகும் மூவர் கொல்லப்பட்டார்கள். கேள்வி கேட்கும் வழக்கம் இல்லாத இடத்தில், கேட்கப்பட்ட ஒரே கேள்வியும் வீணானது. இன்று ஆய்வாளர்கள் ரிசப்ஷனிஸ்டையும் நர்ஸையும் தனியே அழைத்து, ‘தவறு என்று பட்டால் யாரிடம் சொல்வீர்கள்? கடைசியாகச் சொன்னபோது என்ன நடந்தது?’ என்று கேட்கிறார்கள். தலைமை பற்றிய பகுதியில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

மேற்பார்வைக்கும் இது பொருந்தும். குடும்ப மருத்துவத்தில் இன்று மருத்துவர் மட்டும் நோயாளியைப் பார்ப்பதில்லை. மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், துணை மருத்துவப் பணியாளர், பிசிஷியன் அசோசியேட் என்று பலர் பார்க்கிறார்கள். 2022-இல் வட லண்டனில் 30 வயதுப் பெண் ஒருவர் கால் வலியும் மூச்சுத் திணறலுமாகச் சர்ஜரிக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அவரைப் பார்த்தவர் பிசிஷியன் அசோசியேட். அவர் மருத்துவர் அல்ல என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்து அவர் இறந்துபோனார். உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது மரண விசாரணை. யாரை யார் பார்க்கலாம், எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஒரே குறையோடு இரண்டாம் முறை வருபவரை யார் பார்ப்பது என்ற ஏற்பாடுகளைச் செய்வது யார்? ‘தலைமை என்பது மருத்துவத்துக்கு வெளியே உள்ள நிர்வாகச் சடங்கு’ என்று சொல்பவர்கள் இந்த மரணத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பார்கள்?

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. ஏழ்மை மிகுந்த பகுதியில், நோய் அதிகமாகவும் ஆள் குறைவாகவும் உள்ள சர்ஜரியை, வசதியான பகுதியில் உள்ள சர்ஜரியோடு ஒரே அளவுகோலில் அளப்பது அநியாயம் என்பதே அந்த வாதம். இது தமிழர்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். தேசிய சுகாதாரச் சேவையின் தொடக்க காலம் முதல், வெள்ளையர் மருத்துவர்கள் போக விரும்பாத தொழில் நகரங்களிலும் சுரங்க ஊர்களிலும் சர்ஜரி தொடங்கி, பல நேரம் தனி ஆளாகவே காலம் முழுதும் நடத்தியவர்கள் தெற்காசிய மருத்துவர்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தமிழ் மருத்துவர்களும் அவர்களில் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் சர்ஜரிகள் ஆய்வில் நியாயமாக நடத்தப்படுவதில்லை என்ற மனக்குறை நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆணையமே அதை எடுத்துக்கொண்டு 2022 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய சர்ஜரிகள் பின்தங்கிய பகுதிகளில் அதிகம் இருப்பதையும், அவற்றின் சூழலைத் தன் ஆய்வுமுறை போதுமான அளவு கணக்கில் எடுப்பதில்லை என்ற குறையையும் அந்த அறிக்கை பேசியது.

இந்தக் குறை உண்மையானது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் இதற்குத் தீர்வு ஆய்வை நிறுத்துவது என்பது தலைகீழான முடிவு. மருத்துவம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகவும் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதினார் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸின் சுரங்க ஊரான கிளின்கோரூக்கில் குடும்ப மருத்துவராக இருந்தவர் அவர். தன் ஊர் மக்கள் எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து, பதிந்து, தன் வேலையின் விளைவைத் தானே எண்ணிப் பார்த்தவர். ஏழை ஊரில் இருக்கிறோம், அதனால் எங்களை அளக்காதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏழை ஊரில் இருப்பதாலேயே அளந்தார். ஆய்வு இல்லாத நாட்டில் வசதியான பகுதி மக்கள் வேறு சர்ஜரிக்கு மாறிக்கொள்வார்கள், அல்லது காசு கொடுத்துத் தனியாரைப் பார்ப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராத பாட்டிக்கும், இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் அந்த வழி இல்லை. தங்கள் சர்ஜரியில் என்ன விடுபடுகிறது என்று அவர்கள் சார்பில் பார்க்க வேறொருவர் வேண்டும். சூழலைக் கணக்கில் எடுங்கள், பின்தங்கிய பகுதிச் சர்ஜரிக்குக் கூடுதல் பணமும் ஆளும் கொடுங்கள் என்று கோருவது நியாயம். பார்க்கவே பார்க்காதீர்கள் என்று கோரினால், அதன் விலையை அந்த நோயாளிகள்தான் கொடுக்க நேரும்.

ஆய்வு மருத்துவர்களைச் சிக்கவைக்கும் பொறி என்ற பேச்சுக்கு எண்களே பதில். முதல் சுற்றில் 7,300-க்கும் மேற்பட்ட சர்ஜரிகளை ஆய்வு செய்து 2017 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட தொகுப்பில் 86 சதவீதம் ‘நன்று’, 4 சதவீதம் ‘மிகச் சிறப்பு’. 8 சதவீதத்துக்கு மேம்பாடு தேவைப்பட்டது. 2 சதவீதம் போதாது. பத்தில் ஒன்பது தேறும் தேர்வைப் பொறி என்று சொல்ல முடியாது. அப்படியானால் எல்லாரையும் ஏன் சோதிக்க வேண்டும் என்று உடனே கேட்பார்கள். ஒரு சர்ஜரியில் சராசரியாக 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்த காலம் அது. இரண்டு சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தெரியும். அந்தச் சர்ஜரிகளை நம்பியிருந்தவர்களோ பல லட்சம் பேர். அந்த இரண்டு சதவீதம் எது என்பது போய்ப் பார்க்கும்வரை தெரியாது.

போய்ப் பார்க்காமலே கண்டுபிடிக்க முயன்ற வரலாறும் உண்டு. 2014 நவம்பரில் ஆணையம் புள்ளிவிவரங்களை மட்டும் வைத்துச் சர்ஜரிகளை ஆபத்து வாரியாக வகைப்படுத்திப் பகிரங்கமாக வெளியிட்டது. கணக்கில் பிழை இருந்தது. பல சர்ஜரிகள் தவறான வகையில் சேர்க்கப்பட்டிருந்தன. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு அந்த வகைப்பாட்டையே கைவிட்டது. 2014-க்கு முந்தைய ஆண்டு ஒரே ஒரு சர்ஜரியின் தரையில் கண்ட புழுக்களைப் பத்திரிகைகள் தலைப்பாக்கியபோது, நாட்டின் ஜி.பி.க்கள் அனைவரும் அவமானப்பட்டதாக உணர்ந்தார்கள். இந்த இரண்டு காயங்களும் இன்றுவரை ஆறவில்லை. மருத்துவர்களின் கோபத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் 2014-இன் தவறிலிருந்து கிடைக்கும் பாடம், எண்களை மட்டும் நம்பாமல் அறிந்தவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே. ஆய்வுக்கு எதிரான வாதத்துக்கு அதில் இடமில்லை.

ஆய்வால் பலன் விளைகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? கிங்ஸ் ஃபண்ட் அமைப்பும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பெரிய மதிப்பீடு 2018-இல் வெளிவந்தது. அளக்கக்கூடிய குறியீடுகளில் ஆய்வுக்குப் பிறகு தெரிந்த மாற்றம் சிறியது, ஒரே சீராகவும் இல்லை என்று அது சொன்னது. எதிர்ப்பாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மதிப்பீடு அதற்கு மேலும் சொன்னது. ஆய்வின் தாக்கம் எட்டு வழிகளில் நிகழ்கிறது என்றும், ஆய்வாளர் வருவதற்கு முன்பே சர்ஜரிகளும் மருத்துவமனைகளும் தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்வது அவற்றில் ஒன்று என்றும், ஆய்வாளருக்கும் ஆய்வு செய்யப்படுபவருக்கும் இடையிலான உறவு பெரிய பங்கு வகிக்கிறது என்றும் விளக்கியது. வருவார்கள் என்று தெரிந்து முந்தைய மாதமே மெத்தோட்ரெக்ஸேட் பட்டியலைச் சரிசெய்த சர்ஜரியில், ஆய்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களில் வேறுபாடு தெரியாது. அந்தப் பட்டியலில் இருந்தவருக்கு ரத்தம் பார்க்கப்பட்டது, அதுதான் பலன்.

கடைசியாக 2024. டாக்டர் பென்னி டாஷ் அரசுக்காக ஆணையத்தை ஆராய்ந்து, ஜூலையில் இடைக்கால அறிக்கையும் அக்டோபரில் இறுதி அறிக்கையும் கொடுத்தார். ஆய்வு முறையே தவறு என்பதற்கு அந்த அறிக்கையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அது என்ன சொன்னது? 2019-20-இல் சுமார் 15,800 ஆய்வுகள் செய்த ஆணையம் 2023-24-இல் செய்தவை சுமார் 6,700. அது தரமிட வேண்டிய இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஒருமுறைகூடத் தரமிடப்படவில்லை. பல இடங்களின் தரம் பல ஆண்டுகள் பழையது. துறை அனுபவம் உள்ள ஆய்வாளர்கள் குறைந்துபோனார்கள். மருத்துவமனைக்குள்ளேயே போயிராதவர்கள்கூட மருத்துவமனையை ஆய்வு செய்ய அனுப்பப்பட்டார்கள். 2023 இறுதியில் கொண்டுவந்த ஒற்றை மதிப்பீட்டு முறையும், அதற்கான கணினி அமைப்பும் வேலையை மேலும் தாமதமாக்கின. இந்தக் குற்றச்சாட்டுகள் அனைத்தும், ஆய்வு போதுமான அளவு நடக்கவில்லை, தெரிந்தவர்களைக் கொண்டு நடக்கவில்லை என்பவை. ஆய்வு அதிகம் என்று டாஷ் சொல்லவில்லை. ஓர் அமைப்பு தன் கடமையைச் செய்யத் தவறியதைக் காட்டி அந்தக் கடமையே தேவையில்லை என்று முடிவுகட்டுவது தர்க்கமாகாது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஆணையத்தின் வீழ்ச்சியே தலைமையின் வீழ்ச்சிதான். அனுபவம் உள்ளவர்களை இழந்தது, ஊழியர்கள் எச்சரித்தும் புதிய முறையை அவசரமாகப் புகுத்தியது, தன் வேலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைக் கவனியாமல் போனது ஆகிய எல்லாமே, அது சர்ஜரிகளிடம் கேட்கும் ஐந்தாவது கேள்வியில் அதுவே தோற்றதன் அடையாளங்கள். தலைமை கெட்டால் திறமையான ஆட்கள் இருந்தும் பணி சரியும் என்பதற்கு வேறு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியவை இருக்கின்றன. ஆய்வுக் குழுவில் இன்றும் நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு ஜி.பி. இல்லாமல் எந்தச் சர்ஜரிக்கும் தரம் வழங்கக் கூடாது. ஆய்வு முடிந்து மாதக்கணக்கில் அறிக்கை வராமல் இருப்பதை ஒழிக்க வேண்டும். முழுச் சர்ஜரிக்கும் ஒரே சொல்லில் தரம் ஒட்டுவது தேவையா என்பதையும் திறந்த மனத்தோடு பேசலாம். பள்ளிகளுக்கு அந்த முறையை இங்கிலாந்து 2024 செப்டம்பரில் கைவிட்டுவிட்டது. ‘போதாது’ என்று எழுதிவிட்டுப் போவதோடு நிற்காமல், அந்தச் சர்ஜரிக்கு உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும். ராயல் கல்லூரி முன்பு நடத்தியதுபோல, அனுபவமுள்ள சக மருத்துவர்களை அனுப்பித் தூக்கிநிறுத்தும் ஏற்பாட்டுக்கு நிரந்தர நிதி வேண்டும். இவையெல்லாம் ஐந்தாவது கேள்வியை இன்னும் நன்றாகக் கேட்பதற்கான வழிகள்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ் வாசகர் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு சர்ஜரியும் தன் தரத்தை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். அடுத்த முறை போகும்போது அதிலுள்ள சொல்லோடு அதன் தேதியையும் பாருங்கள். ஐந்தாறு ஆண்டு பழையதாக இருந்தால், அன்றிருந்த மருத்துவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆணையம் வெளியிட்டிருக்கும் முழு அறிக்கையைத் தேடி எடுத்து, தலைமை பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். சர்ஜரியின் நோயாளிகள் குழுவில் சேர்ந்து, அந்த அறிக்கை சொன்ன குறைகள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.